பச்சை ஈரலும் ஒரு சைவ வீடும்

போன வாரம், புதிதாகக் கால்நடை டாக்டராகியிருக்கும் உங்களில் ஒருவர் என்னை வழியில் நிறுத்திக் கேட்டார்: "சார், நாய்க்குப் பச்சை மாமிசம் போடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." ஒரே வார்த்தை என்றால், கூடாது. வேகவைத்துப் போடச் சொல்லுங்கள். ஏன் என்பதைக் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். ஆட்டின் ஈரலில் நீர்க்கட்டி இருக்கும். அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் புழு வளரும். புழுவின் முட்டை நாயின் மலத்தில் இறங்கும். அந்த முட்டை மனிதன் வாய்க்குள் போனால் அவன் ஈரலில் மறுபடியும் நீர்க்கட்டி. இதைப் படம் போட்டு எழுதி நானும் நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான். அந்தப் படத்தில் நாய் உண்டு, ஆடு உண்டு, மனிதனும் உண்டு. அந்த மனிதன் யார் என்று மட்டும் போட்டிருக்காது. அதனால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்வது எனக்குச் சுகமான காரியமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் பெங்களூரில், தண்டு என்று எல்லோரும் சொல்லும் கண்டோன்மென்ட் பகுதியில், ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவி டாக்டராக இருந்தேன். காலையில், ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டியில் மாமிசப் பரிசோதனை. பிறகு மருத்துவமனையில் குதிரை, மாடு, நாய். தோல் உரித்துத் தொங்கும் ஆடுகளின் ஈரலையும் நுரையீரலையும் விரலால் அழுத்திப் பார்ப்பேன். நீர்க்கட்டி இருந்தால் அந்த உறுப்பை அறுத்துப் பின்புறக் குழியில் போடச் சொல்வேன். வாரத்தில் ஒரு நாளாவது அது கண்ணில் படும்.

நான் பிறந்தது சைவ வீடு. முட்டை ஓடுகூட எங்கள் வாசலைத் தாண்டி வராது. ஆட்டுத்தொட்டியிலிருந்து நேராக வீட்டுக்குப் போக மாட்டேன். மருத்துவமனைக் கிணற்றடியில் குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் போவேன். மாமனார் வீட்டாரிடம் 'குதிரை ஆஸ்பத்திரியில் உத்தியோகம்' என்று மட்டும் சொல்லியிருந்தோம். என் மனைவிக்கு உண்மை தெரியும். அவளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் நடந்துகொண்ட விதத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம் இதுதான்.

அந்த நாட்களில் ஆஸ்பத்திரி ஒன்றில் சர்ஜன் ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒரு பெண்ணின் ஈரலிலிருந்து எடுத்ததை எனாமல் பேசினில் வைத்துக் காட்டினார். உரித்த திராட்சைப் பழங்களைப் போலக் குமிழ்கள் நீரில் மிதந்தன. "உங்க ஆட்டுல இருக்கிறதுதானே இது?" என்றார். அதுவேதான். அந்தப் பெண் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து, நாயைக் கட்டிக்கொண்டு விளையாடும் குழந்தையைப் பார்த்தால் எனக்கு அந்தப் பேசின்தான் நினைவுக்கு வரும்.

அப்படி ஒரு குழந்தையோடுதான் அந்தக் குடும்பம் வந்தது. அல்சூரில் இருந்தவர்கள். பெரியவர் மைசூர் சமஸ்தானத்தில் அமல்தாராக, தாலுகா அதிகாரியாக, இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். மகனுக்குப் பத்ராவதியில் வேலை. வீட்டில் பெரியவரும், மருமகள் விசாலமும், பேத்தி கமலியும்தான். கமலிக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது ஆகவில்லை. சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விட்டுப்போன அல்சேஷன் நாய் அவர்களிடம் இருந்தது. பெயர் பிரின்ஸ். அதைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வந்தவர் தோட்டக்காரர் முனுசாமி. என்னைவிட வயதில் மூத்தவர். இப்போது 'அவர்' என்று சொல்கிறேன். அன்றைக்கு நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன்.

நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருக்கிறது, படுக்கும் சாக்கில் அரிசி போல ஏதோ ஒட்டியிருக்கிறது என்றார் பெரியவர்.

"சாப்பாடு என்ன கொடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"தயிர் சாதம், பால், ராகி முத்தை. எங்க வீட்டுல வேற என்ன இருக்கும்? துரை போறப்ப சொன்னான், மீட் இல்லாம இது வாழாதுன்னு. முதல்ல கொஞ்சம் இளைச்சுது, வாஸ்தவம். இப்ப பாருங்க, எப்படி இருக்கு! தயிர் சாதத்துல இல்லாத சத்தா?"

பார்த்தேன். ரோமம் எண்ணெய் தடவினாற்போல மின்னியது. தொடையில் நல்ல சதை. எந்த அல்சேஷனும் தயிர் சாதத்தில் அப்படித் தேறாது. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இரண்டு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும்.

கதவோரம் நின்றிருந்த விசாலம் மெல்லக் கேட்டாள்: "டாக்டர், வெளியில ஏதாவது... பச்சையா ஏதாவது தின்னுட்டா இப்படி வருமா?"

"வெளியில எங்கேம்மா போகுது அது? வாசல் கேட்டுதான் பூட்டியே இருக்கே" என்றார் பெரியவர்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "அப்படி ஏதாவது கொடுத்திருந்தா இப்பவே சொல்லிடுங்கம்மா. மறைச்சா எனக்கு வைத்தியம் பண்ண முடியாது" என்றேன். மாமனாருக்கு முன்னால், போலீஸ்காரன் குரலில்.

"இல்ல" என்றாள் விசாலம். கமலி நாயின் விலாவில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள்.

நாயைப் பட்டினி போட்டு மறுநாள் காலையில் கொடுக்கும்படி கொட்டைப்பாக்குத் தூள் பொட்டலம் ஒன்று கொடுத்தேன். அன்றைக்கு அதுதான் எங்கள் பூச்சி மருந்து. "பேதியாகும். முதல்ல வர்றதை எடுத்து எனக்குக் கொண்டு வரணும். குழந்தையைப் பக்கத்துல விடாதீங்க" என்றேன். யார் எடுப்பது, எதனால் எடுப்பது என்றெல்லாம் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அந்த வீட்டில் அது யாருடைய வேலை என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் முனுசாமி ஒரு மண்சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். மேலே வாழையிலை மூடியிருந்தது. அல்சூரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். சட்டியை வாங்கித் தண்ணீர் விட்டுக் கரைத்து, அடியில் தங்கியதைக் கறுப்புத் தட்டில் ஊற்றிப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பட்டையான நாடாப்புழுத் துண்டுகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே, எள்ளைவிட மெல்லியதாக, வெள்ளையாக, கணக்கில்லாமல் வேறொன்று இருந்தது. அதற்குமுன் நான் அதைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். நீர்க்கட்டியைத் தின்ற நாயின் குடலில் மட்டும் இருக்கும் புழு அது.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற பரபரப்பில் அவற்றில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து மூடினேன். கார்பாலிக் தண்ணீரில் முழங்கை வரை இரண்டு தடவை கழுவிக்கொண்டேன். முனுசாமி வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டார். அதை நான் பார்த்தேன். கழுவிய தண்ணீர்ப் பாத்திரம் எனக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"நீ போ, நான் பின்னாலயே வர்றேன்னு ஐயாகிட்ட சொல்லு" என்றேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு அல்சூருக்குப் போனபோது என் மனதில் இருந்ததெல்லாம் கமலிதான். அது பொய்யில்லை. ஆனால் இன்னொன்றும் இருந்தது. பெரியவர் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார், அல்லது அந்த வீட்டில் யாரோ என்னை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள் என்ற கோபம். அந்தக் கோபம்தான் என்னைவிட வேகமாக சைக்கிள் மிதித்தது.

கூடத்தில் மெட்ராஸிலிருந்து வந்த உறவினர் இருவர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் காத்திருந்திருக்கலாம். பெரியவரைத் தனியே கூப்பிட்டிருக்கலாம். நின்றபடியே ஆரம்பித்தேன்.

"ஐயா, உங்க வீட்டுல யாரோ இந்த நாய்க்குப் பச்சை மாமிசம் போடறாங்க."

பெரியவர் முகம் சிவந்தது. "என்ன பேசறீங்க நீங்க? இது எந்த மாதிரிக் குடும்பம்னு தெரியுமா?"

"புழுவுக்கு அதெல்லாம் தெரியாதுங்க. ஆட்டு ஈரலோ நுரையீரலோ பச்சையா உள்ள போகாம இந்தப் புழு வராது. பாருங்க." கையோடு கொண்டுபோன கண்ணாடிக் குப்பியைக் காபி டம்ளர்களுக்குப் பக்கத்தில், அதே தட்டில் வைத்தேன்.

உறவினர்களில் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் விசாலத்தின் புடவைத் தலைப்பு தெரிந்தது. அசையவில்லை.

"முனுசாமி!" என்று பெரியவர் கத்தினார். தோட்டத்தில் மண்வெட்டியை எடுத்திருந்தவர் அதைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து வாசலில் நின்றார்.

"ஏண்டா, நாய்க்கு மாமிசம் போட்டியா?"

முனுசாமி தரையைப் பார்த்தார். "ஆமாங்க. நான்தான் போட்டேன்."

"எதுக்குடா?"

"காஞ்சி போயி கெடந்துச்சுங்க. பாவமா இருந்துச்சு."

"என் வீட்டுக்குள்ள, எனக்குத் தெரியாம... வெளிய போ. இனிமே இந்தப் படியை மிதிக்காதே."

முனுசாமி இடுப்பிலிருந்த கேட்டுச் சாவியை அவிழ்த்துப் படியில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கமும் பார்க்கவில்லை. பல வருஷம் அவர் வளர்த்த ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே நடந்து வெளியே போனார். நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு முனகியது.

அவர் போன பிறகு, பெரியவரை உட்காரவைத்து நான் செய்ய வேண்டியதைச் சொன்னேன். குழந்தைக்கு நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. நாயை முகத்தை நக்க விடக் கூடாது, பக்கத்தில் படுக்கவிடக் கூடாது. மலத்தை மண்வெட்டியால் எடுத்து எரித்துவிட வேண்டும், கையால் தொடக் கூடாது. இன்னும் இரண்டு தடவை மருந்து கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். நிதானமாக, திரும்பத் திரும்பச் சொன்னேன். சரியாக வேலை செய்துவிட்ட திருப்தியோடுதான் வீடு திரும்பினேன்.

அடுத்த நாள் மத்தியானம் ஜட்கா வண்டி ஒன்று மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. விசாலம் கமலியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"நான்தான் டாக்டர்" என்றாள். "முனுசாமி வாங்கிக்கிட்டு வந்தான். போட்டது நான். ரெண்டு மாசம் தயிர் சாதம் போட்டு அது எலும்பா நின்னுது. நடக்கத் தெம்பில்லாம செவுத்துல சாஞ்சுது. சாகட்டும்னு விட எனக்கு மனசு வரல."

"வேகவைச்சுப் போட்டிருக்கலாமே" என்றேன். கேட்ட பிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று உறைத்தது.

"எங்கே வேகவைப்பேன்? எங்க அடுப்புலயா? வாசனை வந்தா மாமாவுக்குத் தெரியாதா? பச்சையா இருந்தா வாசனை வராது. கிணத்தடிக்குப் பின்னால போட்டுட்டு மண்ணைத் தள்ளிடுவேன். வேகவைச்சா கெடுதல் இல்லைன்னு எனக்கு யார் சொன்னாங்க? யாரைக் கேக்க முடியும்? உங்களைக் கேட்டேன். அன்னிக்கு நீங்க என்னைத் தனியா ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

நான் பேச்சை மாற்றுவதற்காக, எங்கிருந்து வாங்கினார்கள் என்று கேட்டேன்.

"ஆட்டுத்தொட்டிப் பின்வாசல்லயாம். குழியில கழிச்சுப் போடறதை எடுத்து விப்பாங்களாம். நாய்க்குன்னா சல்லிசாக் கிடைக்கும்னு முனுசாமி சொன்னான்."

அந்தக் குழி என்னுடையது. கட்டி இருந்த ஈரலைக் கழித்துப் போடச் சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு குளிக்கப் போனவன் நான். சுண்ணாம்பு கொட்டினார்களா, மண் மூடினார்களா என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அந்த இடத்தில் ஒரு நிமிஷம் அதிகம் நிற்கவே எனக்குக் கூச்சம். நான் என் வீட்டுக்கு மறைத்ததைத்தான் விசாலம் அவள் வீட்டுக்கு மறைத்தாள். அவள் நிலைமை இந்த ஊரில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்ததனால்தானோ என்னவோ, நான் அவ்வளவு கடுமையாக இருந்தேன்.

"குழந்தைக்கு வருமா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. வந்தாலும் தெரிய வருஷக்கணக்காகும். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு நல்ல டாக்டர்கிட்ட வயித்தை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்க. இனிமே ஜாக்கிரதையா இருந்தா பயம் குறைவு."

அவள் கமலியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நான் வந்து ஐயாகிட்ட உங்களுக்காகப் பேசறேன்" என்றேன்.

"வேண்டாம் டாக்டர். நீங்க பேசினது போதும். நானே சொல்லிக்கறேன்."

சொன்னாள். அன்று மாலையே சொல்லியிருக்கிறாள். சில நாட்கள் கழித்துப் பெரியவர் கோட்டும் தலைப்பாகையுமாக என் முன்னால் வந்து உட்கார்ந்தார். கைத்தடியை முழங்காலில் சாய்த்துக்கொண்டார்.

"தயிர் சாதம்னு தீர்மானம் பண்ணது நான்" என்றார். "அது இளைச்சப்ப அவ ரெண்டு தடவை வந்து சொன்னா. என் வீட்டு நாய் என் வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிடும்னேன். எனக்குத் தெரியாம ஒரு பொண்ணு பயந்து பயந்து மண்ணைத் தள்ளிக்கிட்டு இருந்திருக்கா." பிறகு கேட்டார்: "நீலசந்திராவுல முனுசாமி வீடு எங்கேன்னு விசாரிச்சு வச்சிருக்கேன். நீங்களும் வர்றீங்களா? தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு."

இரண்டு பேரும் ஜட்காவில் போனோம். ஓட்டு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்ற சந்து. முனுசாமியின் மனைவி செல்லம்மா பெஞ்சைத் துடைத்துப் போட்டார். பெரியவர் சுற்றி வளைக்கவில்லை.

"தப்பு என்னுதுப்பா. விசாலம் எல்லாத்தையும் சொல்லிட்டா. நீ வந்துடு."

முனுசாமி எழுந்து நின்றுகொண்டார். "நீங்க இவ்ளோ தூரம் வந்ததே போதுங்க. கோவமெல்லாம் இல்ல. ஆனா வரமாட்டேங்க. அத்தினி பேர் முன்னால வெளிய போன்னீங்க. திரும்பி வந்தா தெனமும் அந்தப் படியத்தானே ஏறணும். அடுகோடிப் பக்கம் ஒரு நர்சரியில சொல்லிட்டேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

பெரியவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. செல்லம்மா கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்தார். குடித்தோம். சண்டை இல்லாமல் முடிந்ததில் எனக்கு நிம்மதி. முனுசாமி எனக்கு எதிரே, நான்கு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். திரும்பும் வழியெல்லாம் பெரியவருக்கு மாமிசம் வேகவைக்கும் முறையை விளக்கிக்கொண்டு வந்தேன். சிறு துண்டுகளாக நறுக்க வேண்டும், நடுவில் சிவப்பு தெரியாத வரை கொதிக்க வேண்டும், அதற்கென்று தனிக் கத்தி, தனிப் பானை வேண்டும் என்றெல்லாம்.

அந்த வீட்டில் கிணற்றடிக்கு அப்பால் தகரக் கூரை போட்டு மூன்று செங்கல் அடுப்பு ஒன்று வந்தது. விசாலம்தான் வேகவைப்பாள். குளித்துவிட்டுத்தான் உள்ளே போவாள். அந்த நேரத்தில் பெரியவர் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். யாராவது வந்தால் அடுப்பு அணையும் வரை வாசலிலேயே பேசி நிறுத்திவைப்பார். பிரின்ஸ் கிழமாகி, தன் ஆயுசு முடிந்துதான் செத்தது. கமலியைப் பார்த்த டாக்டர்கள் ஒவ்வொரு வருஷமும் ஒன்றுமில்லை என்றார்கள். இன்றுவரை ஒன்றுமில்லை. நானும் ஆட்டுத்தொட்டிக் குழிக்குப் பூட்டுப் போடச் செய்து, கழித்த உறுப்புகளில் சுண்ணாம்பு கொட்டி மூடும் வரை அங்கேயே நிற்கப் பழகினேன். என் மாமனாரிடமும் என் உத்தியோகத்தைச் சொல்லிவிட்டேன். 'நாங்கள் உட்கார்ந்து பேசும் இடத்தில் அதைச் சொல்ல வேண்டாம்' என்றார். அவ்வளவுதான்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லியிருப்பேன். சில வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

யுத்த காலத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. நீர்க்கட்டி நோயாளி வந்தால் எனக்குச் சொல்லியனுப்பும்படி அங்கே கேட்டு வைத்திருந்தேன். போனேன். கட்டிலில் முனுசாமி படுத்திருந்தார். வலது விலாவுக்குக் கீழே வயிறு ஒரு பக்கமாக எழும்பியிருந்தது. முகத்தில் எலும்புதான் இருந்தது.

வீட்டில் நாய் உண்டா என்று சர்ஜன் கேட்டாராம். எங்கள் சந்திலேயே கிடையாது என்று சொன்னாராம் முனுசாமி. பிறகு, "முன்னால வேலை செஞ்ச வூட்ல இருந்துச்சுங்க" என்றாராம்.

என்னை அடையாளம் கண்டுகொண்டு எழ முயன்றார். "படுங்க, படுங்க" என்றேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவருக்கு மரியாதை கொடுத்துப் பேசினேன் என்பது எனக்கே கேட்டது.

நீங்கள் கவலைப்பட வேண்டாம், அவர் பிழைத்துக்கொண்டார். கட்டியை உடையாமல் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவரால் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. நர்சரிக்காரர் நல்லவர், உட்கார்ந்தபடி நாற்றுக் கட்டும் வேலை கொடுத்தார். விசாலம் ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி கொண்டு வந்தாள். பெரியவர் அதற்குள் காலமாகிவிட்டார். வராந்தாவில் நானும் விசாலமும் எதிர்ப்பட்டால் இருவருமே வேறு பக்கம் பார்த்துக்கொள்வோம்.

அதன்பிறகு என் மருத்துவமனையில் ஒரு வழக்கம் வைத்தேன். யார் நாயைக் கொண்டு வந்தாலும், அது என்ன தின்கிறது என்று கேட்பதற்குமுன், அதைக் குளிப்பாட்டுவது யார், அதன் மலத்தை அள்ளுவது யார் என்று கேட்பேன். அந்த ஆளைக் கூப்பிட்டனுப்பி, அவரிடம்தான் முதலில் பேசுவேன். எஜமானர்களுக்கு அது பிடிக்காது. நீங்களும் அப்படியே செய்யுங்கள், அவர்களுக்குப் பிடிக்காமல் போகட்டும்.

முனுசாமிக்கு அறுவைச் சிகிச்சை நடந்த அன்று வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். செல்லம்மா வந்து மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சார், நீங்க நாய் டாக்டர்தானே? பெரிய ஐயாவோட எங்க வூட்டுக்கு வந்தீங்களே?"

"ஆமாம்மா."

"நாயாலதான் வந்துச்சுன்னு நர்ஸம்மா சொல்றாங்க. நெசமா?"

எப்போது, எங்கே தொற்றியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சர்ஜனும் அதைத்தான் சொன்னார். அது உண்மையும்கூட. அதைச் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். வாய் வரை வந்தது.

"நெசம்தாம்மா" என்றேன். "அந்த நாயோட அசிங்கத்தை அள்ளினதால வந்திருக்கும். ஒரு நாள் அதைச் சட்டியில எடுத்துக்கிட்டு வரச் சொன்னதே நான்தான். கை கழுவுன்னு சொல்லல."

செல்லம்மா வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்த வூட்டுக் கொழந்தைக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அந்தம்மாவுக்கு?"

"இல்ல."

"அவங்களுக்கு எப்படி வராம போச்சு?"

"அவங்ககிட்ட சொன்னேம்மா. கை கழுவணும், நகம் வெட்டணும், எதையும் கையால தொடக் கூடாதுன்னு எல்லாம் சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க?"

"முனுசாமி வெளியே போனப்புறம்."

"அதுக்கப்புறம் எங்க வூட்டுக்கு வந்தீங்களே சார். உக்காந்து டீ குடிச்சீங்களே."

"ஆமாம்."

அவர் குரலில் கோபம் இல்லை. என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். படித்தவன், சொல்லாமல் விட்டதற்கு ஏதாவது காரணம் இருக்கும், இப்போது சொல்வான் என்று நினைத்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். செல்லம்மா எழுந்து வார்டுக்குள் போகும் வரை நான் எதுவும் சொல்லவில்லை.